கிணற்று நீரில் பெட்ரோல், டீசல் கலந்தால்: உடல்நலமும் செலவு ஈடும்

பெட்ரோல் விற்பனை நிலையங்களின் எரிபொருள் தொட்டிகள் நிலத்தடியில் புதைக்கப்பட்டிருக்கும். தொட்டியோ குழாயோ துருப்பிடித்தால் எரிபொருள் வெளியே தெரியாமல் கசியும். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களில் நிலத்தடி பெரும்பாலும் கடும்பாறை. பாறை வெடிப்புகளின் வழியே கசிவு செல்லும் திசையைக் கணிப்பது கடினம். அருகிலுள்ள கிணறு தப்பி, சற்றுத் தொலைவிலுள்ள ஆழ்துளைக் கிணறு பாதிக்கப்படலாம். சென்னை தண்டையார்பேட்டையில் 2013-இல் நிலத்தடிக் குழாயிலிருந்து கசிந்த எரிபொருள் குடியிருப்புகளின் கிணறுகளில் கலந்தது.

உடனடியாகச் செய்ய வேண்டியவை

• எரிபொருள் வாடை வீசினாலோ, நீரின் மேல் எண்ணெய்ப் படலம் தெரிந்தாலோ அந்நீரைக் குடிக்கவும் சமைக்கவும் குளிக்கவும் கால்நடைகளுக்கும் பயன்படுத்தாதீர்கள்.
• நீரைக் காய்ச்சுவது தீர்வன்று. காய்ச்சும்போது பென்சீன் ஆவியாகி மூச்சுடன் உட்செல்லும்.
• கிணற்றில் இறங்காதீர்கள், அருகில் தீ மூட்டாதீர்கள், மோட்டாரை இயக்காதீர்கள்.
• எரிபொருளை விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். மயக்கம், மூச்சுத் திணறல் இருப்பின் 108-ஐ அழையுங்கள்.

உடல்நலப் பாதிப்புகள்

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், தோல் எரிச்சல் ஆகியவை தொடக்க அறிகுறிகள். பெட்ரோலில் உள்ள பென்சீன் நீண்ட காலம் உடலில் சேர்ந்தால் இரத்தசோகையும் இரத்தப் புற்றுநோயும் ஏற்படலாம். குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். இந்த அளவைத் தாண்டிய நீரிலும் வாடை தெரியாமல் இருக்கலாம். ஆய்வகப் பரிசோதனையே உறுதி செய்யும். சில நாட்கள் அருந்தியதாலேயே புற்றுநோய் வந்துவிடும் என அஞ்ச வேண்டாம். எனினும் கர்ப்பிணிகள், குழந்தைகள் உள்ளிட்ட அனைவரும் அரசு மருத்துவரை அணுகி, அவர் அறிவுரைப்படி இரத்த அணுக்கள் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

தூய்மைப் பணிக்கான செலவு யாருடையது?

அமெரிக்காவில் இத்தகைய கசிவுகளுக்கென 1986-இல் எரிபொருள் வரியிலிருந்து தனி நிதியம் ஏற்படுத்தப்பட்டது. நம் நாட்டில் மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதே அடிப்படை. உச்ச நீதிமன்றம் 1996-இல் வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் இதனை உறுதி செய்தது. ஒன்றிய அரசின் 2025-ஆம் ஆண்டு மாசடைந்த இடங்கள் மேலாண்மை விதிகளின்படி, பொறுப்பாளரைக் கண்டறிய இயலாதபோதோ அவரால் செலுத்த இயலாதபோதோ ஒன்றிய, மாநில அரசுகள் செலவைப் பகிர்ந்துகொள்ளும். இத்தொகை நிலத்தையும் நீரையும் சீர்செய்வதற்கானது. நோயாளியின் மருத்துவச் செலவுக்கானது அன்று. ஆகவே தூய்மைப் பணி முடியட்டும் எனச் சிகிச்சைக்குக் காத்திருக்காதீர்கள்.

சிகிச்சைச் செலவு

ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். இது கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம். எனவே மருத்துவமனையில் சேரும்போதே காப்பீட்டு அட்டையைக் காட்டுங்கள். முதலில் பணம் செலுத்திவிட்டுப் பின்னர் திரும்பப் பெறலாம் என எண்ணாதீர்கள். அட்டை இல்லாதோர் குடும்ப அட்டை, வருமானச் சான்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தை அணுகலாம்.

இழப்பீடு கோருதல்

தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில், பாதிப்புக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் இழப்பீடு கோரலாம். வழக்கறிஞர் வைக்க வசதியற்றோரும், வருமானம் எவ்வளவாயினும் பெண்களும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி பெறலாம்.

பாதுகாக்க வேண்டிய ஆவணங்கள்

வாடையை முதலில் உணர்ந்த தேதி, நீர்ப் பரிசோதனை அறிக்கை, மருத்துவச் சீட்டுகள், இரத்தப் பரிசோதனை முடிவுகள், மருந்து மற்றும் தண்ணீர் லாரி ரசீதுகள் ஆகியவற்றைத் தேதி வாரியாகச் சேமித்து வையுங்கள். எவ்வளவு காலமாக அந்நீரைப் பயன்படுத்தினீர்கள் என்பதை மருத்துவரிடம் கூறி, சீட்டில் பதிவு செய்யுமாறு கேளுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்திலும், திங்கட்கிழமை நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் எழுத்து மூலம் மனு அளித்து, ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள். உடல்நல ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம்.