பழைய விசைப்பலகைகள்: தமிழ் எழுத்து வரலாற்றின் சான்றுகள்

முன்னுரை

எழுத்துகளைக் கையால் எழுதாமல் விரலால் அழுத்திப் பதிவு செய்ய உதவுவது விசைப்பலகை. தட்டச்சுப் பொறியில் அது இயந்திரத்தோடு இணைந்த உறுப்பு. கணினியிலோ கழற்றி மாட்டக்கூடிய தனிக் கருவி. பழைய விசைப்பலகைகளைத் தேடிச் சேர்த்து, பழுது நீக்கி, இன்றைய கணினியில் இணைத்துப் பயன்படுத்துவோர் உலகின் பல நாடுகளில் உள்ளனர். நம் ஊர்ப்பக்கம் அவை பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்கோ, மின்னணுக் கழிவுக்கோ போய்விடுகின்றன. எடைக்குப் போகும் அந்தப் பலகைகளோடு தமிழ் எழுத்து வரலாற்றின் ஒரு பகுதியும் போகிறது என்பதை மாணவர்கள் அறிய வேண்டும்.

தமிழ் விசைகளின் தொடக்கம்

இன்று நாம் காணும் ஆங்கில விசை வரிசை, அமெரிக்கரான கிறிஸ்டோபர் லாத்தம் ஷோல்ஸ் உருவாக்கிய பொறியிலிருந்து வந்தது. ரெமிங்டன் நிறுவனம் அதனை 1874இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆங்கிலத்தில் 26 எழுத்துகளே இருந்ததால் விசைகளில் அவற்றை அடக்குவது எளிதாயிற்று. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள். பொறியிலோ நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட விசைகளே உண்டு. ஒவ்வொரு விசைக்கும் மேல், கீழ் என இரண்டு வடிவங்கள் வைத்தாலும் நூறைத் தொட முடியாது.

இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து மலாயா சென்று பணியாற்றிய ஆர். முத்தையா. எழுத்துகளை அவர் முழுமையாக வைக்காமல் உறுப்புகளாகப் பிரித்தார். துணைக்கால், கொம்பு, புள்ளி ஆகியவற்றுக்குத் தனி விசைகள் தந்தார். புள்ளி விசையை அழுத்தினால் தாள் தாங்கிய வண்டி நகராது. எனவே முதலில் புள்ளியையும், பிறகு அதன் கீழ் மெய்யெழுத்தின் வடிவத்தையும் அடிக்க வேண்டும். கையால் எழுதும்போது எழுத்துக்குப் பின் புள்ளி வைக்கிறோம். பொறியில் புள்ளிக்குப் பின் எழுத்து. உகர வரிசை இப்படிப் பிரிக்க இடம் கொடுக்காததால் கு, து, மு போன்றவை முறையே க, த, ம விசைகளின் மேல்நிலையில் இடம்பெற்றன. இவ்வமைப்பைக் கொண்ட பொறிகள் ஜெர்மனியில் செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தன.

1978இல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகளின் தனி வடிவங்கள் கைவிடப்பட்டன. தனி வடிவம் குறையக் குறைய விசைகளின் தேவையும் குறைந்தது. ஒரு பழைய தமிழ்ப் பொறியின் விசைகளை வரிசையாகக் குறித்து வைத்தால், அந்தக் காலத் தமிழ் எந்த வடிவங்களோடு எழுதப்பட்டது என்பதை அதிலிருந்தே படிக்கலாம்.

பயிலகங்களின் காலம்

சிறு ஊர்களில் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் அரசு வேலைக்குச் செல்ல ஒரு வாசலாக இருந்தவை தட்டச்சுப் பயிலகங்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் இளநிலை, முதுநிலைத் தேர்வுகளில் தேறிய சான்றிதழ், தேர்வாணையத்தின் தட்டச்சர் பணிக்கு இன்றும் தேவை. தமிழ்த் தட்டச்சில் இடக்கை நான்கு விரல்களுக்கும் முதற்பாடம் ‘யளனக’. அதைச் சொன்னால் ஐம்பது வயதைக் கடந்த பலருக்கு விரல்கள் தாமே அசையும்.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டமானது. அலுவலகங்களில் தட்டச்சுப் பொறியும் கணினியும் அருகருகே இருந்த காலம் அது. அரியலூர் 2001இல் பிரிந்து, மீண்டும் பெரம்பலூரோடு சேர்ந்து, 2007இல் நிலையாகத் தனி மாவட்டமானபோது கணினியே முதன்மையாகிவிட்டது. இந்தியாவில் 1955 முதல் தட்டச்சுப் பொறி செய்துவந்த கோத்ரெஜ் நிறுவனமும் 2009இல் உற்பத்தியை நிறுத்தியது.

கணினியில் தமிழ்

பொறியிலிருந்து கணினிக்கு மாறியபோது தமிழ் விசைப்பலகை பல கிளைகளாகப் பிரிந்தது. பொறியில் பழகியவர்கள் அதே வரிசையைக் கணினியிலும் கேட்டனர். ஆங்கில எழுத்தொலியைக் கொண்டு தமிழ் எழுதும் முறையை, மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் பரவலாக்கியது. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான இன்ஸ்கிரிப்ட் அமைப்பை நடுவணரசு முன்வைத்தது.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடைபெற்றது. அதன் பயனாகத் தமிழ்99 என்னும் அமைப்பைத் தமிழ்நாடு அரசு அவ்வாண்டில் ஏற்றது. இதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. ஒரே மெய் இரட்டித்தால் புள்ளி தானாக விழும். அ, ம, ம, ஆ என்று நான்கு முறை தட்டினால் ‘அம்மா’ வந்துவிடும். பொறியில் எழுத்தின் வடிவத்தைப் பிரித்தார்கள். தமிழ்99 எழுத்தின் இலக்கணத்தைப் பிரித்தது. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்று பள்ளியில் கற்ற பாடமே இங்கு விரலுக்கு வருகிறது.

அரிய கணினி விசைப்பலகைகள்

சேகரிப்போர் விரும்பித் தேடுபவற்றுள் ஐபிஎம் நிறுவனத்தின் பலகைகள் முதன்மையானவை. 1981இல் அதன் முதல் தனிநபர் கணினியோடு 83 விசைகள் கொண்ட பலகை வந்தது. 1980களின் நடுவில் வந்த மாடல் எம் 101 விசைகள் கொண்டது. இன்றைய பலகைகளின் பொது அமைப்பு அதிலிருந்தே வந்தது. விசையை அழுத்தும்போது உள்ளிருக்கும் சுருள்வில் ஒரு புள்ளியில் சட்டென வளைந்து ‘டக்’ என்று ஒலிக்கும். எழுத்து பதிவாகிவிட்டது என்பதை விரலும் காதும் ஒருங்கே அறியும்.

நம் நாட்டில் அலுவலகங்களில் பழகிய பெயர் டிவிஎஸ் கோல்டு. சென்னையைச் சேர்ந்த டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸ் விற்ற இப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் தனி இயந்திர சுவிட்சு உண்டு. தட்டச்சுப் பொறியில் பழகிய கைகளுக்கு அதன் ஒலியும் அழுத்தமும் பொருந்தின. 2010இல் ரூபாய்க்குத் தனிக் குறியீடு ஏற்கப்பட்டது. அதனை வடிவமைத்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார். அக்குறியீடு விசையில் பொறிக்கப்பட்டிருந்தால் அந்தப் பலகை 2010க்குப் பிற்பட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். காலக்கணிப்புக்கு இத்தகைய சிறு அடையாளங்களே உதவுகின்றன.

பயன்படுத்தும் முறை

பழைய பலகையைப் பார்த்ததும் முதலில் அதன் இணைப்பு முனையைக் கவனிக்க வேண்டும். ஐந்து ஊசிகள் கொண்ட பெரிய வட்ட முனை மிகப் பழையது. ஆறு ஊசிகள் கொண்ட சிறிய வட்ட முனை 1987க்குப் பின் பரவியது. தட்டையான யுஎஸ்பி முனை 1990களின் இறுதியில் வந்தது. 1984க்குப் பிந்தைய அமைப்புகளுக்குத் தகுந்த மாற்றி வாங்கினால் இன்றைய கணினியில் இணைக்கலாம். 83 விசைப் பலகை பேசும் மொழியே வேறு என்பதால், அதற்கு மின்னணுச் சில்லு உள்ள தனி மாற்றி வேண்டும். வட்ட முனைப் பலகைகளைக் கணினி இயங்கும்போது செருகவோ பிடுங்கவோ கூடாது.

விசை மூடிகளைக் கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. மூடிகளைச் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டலாம். மின்சுற்றில் நீர் படக்கூடாது. தமிழ்99 என்பது மென்பொருளில் உள்ள அமைப்பு. ஆகவே, 1985இல் செய்யப்பட்ட ஆங்கிலப் பலகையிலும் இன்று தமிழ் எழுதலாம்.

காக்க வேண்டியது ஏன்?

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் உள்ளது. 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதனை அறிந்து கூறினார். பல கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அது, இன்று வேலியிட்டுக் காக்கப்படுகிறது. அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்களுக்கு அருங்காட்சியகம் உண்டு. கல்லான மரத்தையும் நத்தையையும் போற்றும் இந்த மண்ணில், நாற்பது ஆண்டுப் பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு ஓர் அலமாரி கூடவா கிடைக்காது?

இழப்பு கருவியோடு நிற்பதில்லை. புள்ளியை முதலில் அடிக்கும் பழக்கம், வேகத்துக்காக விரல்கள் கற்ற ஒழுங்கு ஆகியவை நூல்களில் முழுமையாக எழுதப்படவில்லை. அவை பயிற்றுநர்களின் கைகளில் உள்ளன. அவர்கள் இருக்கும்போதே கேட்டுப் பதிவு செய்தால்தான் உண்டு. மாணவர்கள் பேசியே கைப்பேசியில் எழுதும் காலத்தில் இதற்கு இன்னும் அதிக நாள் இல்லை.

முடிவுரை

ஒவ்வொரு பள்ளியும் ஒரு தமிழ்த் தட்டச்சுப் பொறியையும் ஒரு பழைய கணினி விசைப்பலகையையும் காத்து வைக்கலாம். செய்த நிறுவனம், ஆண்டு, விசை வரிசை, இணைப்பு முனை ஆகிய நான்கையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டினால் போதும், அது பாடக்கருவியாகிவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டாமல் மாணவர்களை அதில் தட்டிப் பார்க்க விட வேண்டும். பொறியில் ஒரு முறை, தமிழ்99இல் ஒரு முறை தம் பெயரை அடித்துப் பார்க்கும் மாணவர், தமிழ் எழுத்து கடந்துவந்த பாதையைத் தம் விரலாலேயே அறிந்துகொள்வார்.