சிந்து மாடு வந்த கதை

எங்கள் வாழப்பாடிப் பக்கம் கலப்பின மாடு எதுவானாலும் அதற்குப் பெயர் 'சிந்து மாடு'தான். ஆனால் கட்டுத்தறியில் நிற்பது ஜெர்சியோ ஹோல்ஸ்டீனோ கலந்தது. ஜெர்சி, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலில் இருக்கிற ஒரு குட்டித் தீவு. சிந்து இருப்பது பாகிஸ்தானில். அப்புறம் எப்படி இந்தப் பெயர்?

ஜெர்சிக்கு முன்பே இங்கே பாலுக்காக வந்தது கராச்சிப் பக்கத்துச் செஞ்சிந்து மாடு. ஓசூர் அரசு கால்நடைப் பண்ணையில் அதை வளர்த்தார்கள். 1965-ல் தருமபுரி தனி மாவட்டமாகும்வரை ஓசூரும் சேலம் மாவட்டம்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது! மாடு மாறினாலும் பெயர் ஒட்டிக்கொண்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதற்கும் முன்னால் இங்கே இருந்தது ஆலம்பாடி மாடு. ஏர் ஓட்ட, கவலை இறைக்க அதை அடிக்க ஆளில்லை. பால் மட்டும் கன்றுக்குப் போக கொஞ்சம்தான். நாட்டுக் கிடேரி முதல் கன்று போட மூன்றரை, நான்கு வருடம் ஆகிவிடும். கலப்பினக் கிடேரி இரண்டரை முதல் மூன்று வருடத்தில் ஈன்றுவிடும். ஒரு வருடத் தீவனம் மிச்சம் என்றால் எந்த விவசாயி வேண்டாம் என்பார்?

இதைச் சாத்தியமாக்கியது சினை ஊசி. இந்தியாவில் முதலில் 1939-ல் மைசூர் அரண்மனைப் பண்ணையில் சம்பத் குமரன் செய்தார். 1949-ல் கிளிசரின் சேர்த்தால் விந்து உறைநிலையிலும் உயிரோடு இருக்கும் என்று இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள். அதன்பின் காளையே ஊருக்குள் வரத் தேவையில்லாமல் போனது.

ஆனால் சிக்கலும் உண்டு. கிடேரி பருவத்துக்கு வருவது வயதைவிட உடல் எடையைப் பொறுத்தது. வெறும் சோளத்தட்டு போட்டு வளர்த்தால் கலப்பினமும் காலத்தில் கத்தாது. கத்தியும் கவனிக்காமல் விட்டால் அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். மூன்று ஊசி போட்டும் 'நிக்கல' என்கிற புலம்பலை ஆஸ்பத்திரி வாசலில் அடிக்கடி கேட்கலாம். இன்னொன்று, கலப்பு வீரியம் முதல் தலைமுறையில்தான் முழுதாக இருக்கும். கலப்பினத்தோடு கலப்பினத்தையே சேர்த்தால் அதில் பாதி போய்விடும். சீமை ரத்தத்தை ஏற்றிக்கொண்டே போனாலோ நம் வெயிலை மாடு தாங்காது. அதனால்தான் பாதிக்குப் பாதி என்று கால்நடைத் துறை சொல்கிறது.

காளைக்கன்று பிறந்தால்? திமில் சின்னது, நுகத்தடி சரியாக உட்காராது. வெயிலில் மூச்சு வாங்கும். பால் மறந்ததும் கறிக்குப் போய்விடும். இப்போது நூற்றுக்குத் தொண்ணூறு கிடேரியாகவே பிறக்கும்படி பிரித்த விந்தும் வந்துவிட்டது.