ஆவேசமும் நாடகமும்: வெறியாட்டு முதல் தொலைக்காட்சி வரை

திருகோணமலை நகரின் வடபுறத்தே, நிலாவெளி வீதியை ஒட்டிக் கடலோரமாக அமைந்தது உப்புவெளி. பெயர்பெற்ற இயற்கைத் துறைமுகம் ஒன்றின் அயலிலே கிடத்தலால் அக்கரை பல நாட்டாரின் வருகையைக் கண்டது. 1624இல் கோணேசர் ஆலயத்தை இடித்த போர்த்துக்கேயரும், அவர்க்குப் பின் ஒல்லாந்தரும், 1782இல் துறைமுகத்தைச் சிறிது காலம் கைக்கொண்ட பிரெஞ்சுக்காரரும், 1795 முதல் ஆங்கிலேயரும் அங்கு வந்தனர். இரண்டாம் உலகப் போரில் உயிர்நீத்த வீரர் பலர் உப்புவெளிப் போர் மயானத்தில் துயில்கின்றனர். பிறநாட்டுக் கலங்கள் ஒதுங்கிய அக்கரையில் இன்று பிறநாட்டுக் கதைகள் வானலை வழியே வந்திறங்குகின்றன.

இலங்கையில் 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982இல் ரூபவாகினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. 1993இல் தமிழகத்திற் சன் தொலைக்காட்சி தோன்றிய பின்னர்ச் செய்மதி வழியாகத் தமிழ்த் தொடர் நாடகங்களும் ஈழத்து இல்லங்களுள் நுழைந்தன. அவற்றுட் பேய் பிடித்தலையும் தெய்வம் ஏறுதலையும் கருவாகக் கொண்டவை எந்நாளும் பெருங்கூட்டத்தை ஈர்த்து வந்துள்ளன. ஆலய முன்றிலில் உடுக்கொலிக்குத் தெய்வமாடுவோரைக் கண்டு வளர்ந்த மக்களே, இரவில் வீட்டுக்குள் அதனையொத்த காட்சியைத் திரையிலும் காண்கின்றனர். இவ்விரண்டும் ஒன்றா, வேறா என்பது ஆராயத்தக்க வினாவாகும். வடமொழித் தசரூபகத்தையும் ஆங்கில நாட்டுச் சேக்சுபியரின் நாடகங்களையும் ஒருங்கு வைத்து நோக்கி, 1926இல் ‘மதங்க சூளாமணி’யை வெளியிட்ட விபுலாநந்த அடிகள் திருகோணமலை இந்துக் கல்லூரியிலும் பணிபுரிந்தவர். அவர் காட்டிய அவ்வொப்பீட்டு நெறி இவ்வாராய்ச்சிக்கும் ஏற்றதே.

ஆவேசத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களே முதலிற் கருதற்குரியன. வெறி, சன்னதம், கலை, உரு, மருள் எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. தெய்வம் ஒருவர் மேல் ‘வரும்’. பேய் ஒருவரைப் ‘பிடிக்கும்’. வருதல் விருந்தினர்க்குரிய வினை. பிடித்தல் பகைவர்க்குரிய வினை. எனினும் இரண்டிடத்தும் கூடியிருப்போர் கேட்கும் கேள்வி ஒன்றே: “நீ யார்? உனக்கு என்ன வேண்டும்?” இக்கேள்வியே தமிழரின் ஆவேசக் கதைகளுக்கு உயிர்நிலை. பேயின் வலிமையினும், அதன் வாயிலாக வெளிப்படும் மறைபொருளே அக்கதைகளின் நோக்கம் என்பதைச் சங்க காலம் முதற்கொண்டு காணலாம்.

சங்க அகப்பாடல்களில் வரும் வெறியாட்டு இதற்குத் தலையாய சான்று. களவொழுக்கத்தில் நின்ற தலைவி உடல் மெலிந்து நிறம் வேறுபடுகின்றாள். காரணம் அறியாத தாய், இது முருகனால் வந்த அணங்கு எனக் கருதுகின்றாள். கழங்கு உருட்டியும், முறத்தில் நெல்லைப் பரப்பியும் குறி பார்க்கப்படுகின்றது. வேலன் வருகின்றான், களம் இழைத்து, மறியறுத்து, தினை தூவி ஆடுகின்றான். கேட்போர்க்கோ உண்மை முன்னரே தெரியும். தலைவியை வருத்துவது தெய்வமன்று, காதலே. அறியாத தாயும், அறிந்த தோழியும், ஆடும் வேலனும், வாய் திறவாத தலைவியும் ஒரே களத்தில் நிற்கும் இக்காட்சி நாடகப் பண்பு மிக்கது. முடிவில் தோழி அறத்தொடு நின்று உண்மையை வெளிப்படுத்துகின்றாள். ஐங்குறுநூற்றிற் கபிலர் ‘வெறிப்பத்து’ எனப் பத்துப் பாடல்களை இப்பொருள் பற்றியே பாடினார். காமக்கண்ணியார் என்னும் புலவர் ‘வெறிபாடிய’ என்னும் அடைமொழியாற் சிறப்பிக்கப்பட்டார். அச்சத்திற்குரிய நிலைக்களங்கள் நான்கனுள் அணங்கை முதலில் வைத்த தொல்காப்பியர் காலத்திலேயே, அவ்வச்சத்துக்குப் பின்னே மனிதத் துயர் ஒன்று மறைந்திருத்தல் கூடும் என்னும் தெளிவும் புலவர்களிடம் இருந்தது.

சிலப்பதிகாரம் இதனை வேறொரு திசையில் வளர்க்கின்றது. வேட்டுவ வரியிற் சாலினி என்னும் வேட்டுவமகள் மேற் கொற்றவை ஏறுகின்றாள். வழிநடையால் வருந்தி அங்கே இளைப்பாறும் கண்ணகியின் பெருமையை அவள் வாயினாலேயே உரைக்கின்றாள். நூலின் இறுதியில், வரந்தரு காதையில், தேவந்தி மேற் பாசண்டச் சாத்தன் ஏறுகின்றான். அவன் சொற்படி தீர்த்த நீர் தெளிக்கப்பெற்ற சிறுமியர் மூவர் தம் முற்பிறப்பை உணர்ந்து, கண்ணகியின் தாயாகவும், கோவலனின் தாயாகவும், அடைக்கலம் தந்த மாதரியாகவும் நின்று அழுகின்றனர். பாண்டியனின் தீர்ப்பாலும், மதுரையை எரித்த தீயாலும், சேரன் எடுத்த கோயிலாலும் ஆறாத துயர் ஒன்று எஞ்சியிருந்தது. அத்துயர் சிறுமியர் வாயாற் பேசப்பட்ட பின்னரே காப்பியம் நிறைவுறுகின்றது. இறந்தோர்க்காக இருப்போர் வாய்கொடுத்தலே ஈண்டு ஆவேசத்தின் பணி.

அக்கண்ணகியே ஈழத்தின் கிழக்குக் கரையில் இன்றும் வழிபடப்படும் தெய்வம். வைகாசித் திங்களில் நிகழும் சடங்கிலும் குளிர்த்தியிலும் கண்ணகி வழக்குரை படிக்கப்படுகின்றது. கிழக்கிலுள்ள அம்மன் கோயில்கள் பலவற்றிற் கட்டாடியார் பத்ததி வழி நின்று மடை பரவுவார். உடுக்கும் பறையும் முழங்கத் தெய்வமாடுவோர் உருக்கொள்வர். வேப்பிலை ஏந்தி வாக்குச் சொல்வர். மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை ஆராய்ந்த பேராசிரியர் சி. மௌனகுரு, இத்தகைய சடங்குகளோடு வைத்தே கூத்தின் வளர்ச்சியை விளக்கியுள்ளார். மந்திரவாதிகளின் போட்டியைப் பொருளாகக் கொண்ட மகிடிக் கூத்து, சடங்குக்கும் நாடகத்துக்கும் இடைப்பட்ட எல்லையில் நிற்பது. அங்கே மந்திரம் அச்சத்தை மட்டும் விளைப்பதன்று, நகையையும் விளைக்கின்றது.

சிங்கள மக்களிடையே வழங்கும் தொவில் சடங்கிலும் இந்நகை உண்டு. ‘சன்னி யக்கும’ என்னும் சடங்கிற் பதினெட்டு நோய்ப் பேய்களும் முகமூடி தரித்து ஒன்றன்பின் ஒன்றாக வரும். பறைகொட்டுவோன் அவற்றோடு உரையாடிக் கேலி செய்வான், கூடியிருப்போர் சிரிப்பர். அச்சுறுத்த வந்த பேய் நகைப்புக்கு இடமாகி, அடங்கி, விடைபெறும். 1983இல் இச்சடங்குகளைப் பற்றி விரிவான நூல் எழுதிய புரூஸ் கப்ஃபெரர், நோயாளியைத் தனிமையினின்றும் மீட்டு ஊராரின் பொது உலகுக்குக் கொண்டுவருவதில் இந்நகைச்சுவைக்குப் பெரும்பங்குண்டு எனக் காட்டினார். 1956இல் ‘மனமே’ என்னும் புகழ்பெற்ற நாடகத்தை அரங்கேற்றிய எதிரிவீர சரச்சந்திராவும் நாட்டார் நாடகத்தை ஆராயப் புகுந்தபோது இச்சடங்குகளைப் புறக்கணித்தாரல்லர்.

ஆவேசம் வெறும் பழங்கதையன்று என்பதைக் கிழக்கு மாகாணத்தின் அண்மைக்கால வரலாறு உணர்த்துகின்றது. 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் எண்ணற்றோர் காணாமற் போயினர். பிள்ளைகளை இழந்த தாய்மார் அதிகாரிகளிடம் கேட்டும் விடை பெறவில்லை. வெளிப்படையாக அழுதற்கும் அஞ்சினர். அக்காலத்தில் மட்டக்களப்புப் பகுதி அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்வோரை நாடி, “என் பிள்ளை இருக்கின்றானா?” எனக் கேட்டோர் பலர். அங்குக் களஆய்வு செய்த மானிடவியலாளர் பற்றீசியா லோரன்ஸ் இதனை 1990களிற் பதிவு செய்தார். பேசுதற்கு இடமில்லாத துயர் தெய்வத்தின் வாயாற் பேசப்பட்டது. வாக்குச் சொல்வோர் தம் உடலிலே பிறர் நோவைத் தாங்கி அழுதனர். வரந்தரு காதையின் சிறுமியர் மூவரையும் அக்காட்சி நினைவூட்டுகின்றது. 1981இற் கதிர்காமத்து அடியார்களைப் பற்றி நூல் வெளியிட்ட கணநாத ஒபயசேகராவும், தனிமனித உள்ளத்தின் ஆழ்ந்த துன்பம் ஊர் அறிந்த சமயக் குறியீடாக மாறுதலையே விளக்கினார்.

மேனாட்டுக் கதைகளின் போக்கு வேறு. கத்தோலிக்கத் திருச்சபை 1614இல் வகுத்த பேயோட்டும் முறையிலும் குரு பேயின் பெயரைக் கேட்பதுண்டு. ஆயினும் பெயர் கேட்டல் அங்கே வெளியேற்றுதற்குரிய வழி. குறை கேட்டற்குரிய வழியன்று. அம்மரபில் வரும் தீய ஆவி கடவுளுக்கே பகை; அதனோடு உடன்பாடு என்பது இல்லை. வில்லியம் பீற்றர் பிளாட்டியின் 1971ஆம் ஆண்டு நாவலைத் தழுவி 1973இல் வெளிவந்த ‘த எக்சோசிஸ்ற்’ என்னும் திரைப்படம் இம்மரபை உலகெங்கும் பரப்பியது. 2005 முதல் 2020 வரை 327 பகுதிகளாக ஒளிபரப்பான ‘சூப்பர்நச்சுரல்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரிற் பேய்கள் கரும்புகையாக மனிதர் வாயினுட் புகுகின்றன. இலத்தீன் மந்திரத்தால் துரத்தப்படுகின்றன. அங்கே பிடிக்கப்பட்டவர் பெரும்பாலும் ஒரு வெற்றுக்கலமே. அவருடைய துயருக்கும் புகுந்த பேய்க்கும் உறவு இருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை.

தமிழ்த் தொலைக்காட்சியின் சிறந்த ஆவேச நாடகம் இவ்வழிச் செல்லவில்லை. இந்திரா சௌந்தர்ராஜனின் கதையைக் கொண்டு நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ வரிசையில் ‘விடாது கருப்பு’ 1997இல் ஒளிபரப்பாகத் தொடங்கியது. தோட்டக்காரமங்கலம் என்னும் கற்பனைச் சிற்றூரிற் குற்றம் செய்தோர் தண்டிக்கப்படுகின்றனர். வெண்குதிரை மேல் வரும் காவல் தெய்வமாகிய கருப்புவே தண்டிப்பதாக ஊரார் நம்புகின்றனர். கதை அவிழுங்கால், இளமையில் ஆழப் பதிந்த நம்பிக்கையாற் பிளவுண்ட ஒரு மனிதமனம் அத்தெய்வ உருவின் பின்னே நிற்பது தெரிகின்றது. வேலனை அழைத்த தாயின் நிலையிலே ஊராரும், உண்மையை நாடும் தோழியின் நிலையிலே மருத்துவ அறிவும் நிற்கின்றமை நோக்கற்பாலது. 1993இல் வெளிவந்த மலையாளத் திரைப்படமான ‘மணிச்சித்ரத்தாழ்’ அம்மரபினதே. அடைத்துவைக்கப்பட்டு மடிந்த தஞ்சை நாட்டு ஆடல்மகள் நாகவல்லி, அவ்வீட்டில் வாழவந்த பெண்ணொருத்தியின் நோயுற்ற மனத்தின் வழியே நியாயம் கேட்கின்றாள்; உளமருத்துவர் அவளைத் துரத்தாது அவள் கேட்டதைக் கொடுப்பதுபோற் காட்டி நோயைத் தீர்க்கின்றார். 2005இல் தமிழில் ‘சந்திரமுகி’யாக அக்கதை வந்தபோது பெற்ற வரவேற்பு, மக்கள் உள்ளத்தில் இம்மரபு ஊறியிருந்தமைக்குச் சான்று.

ஆயினும் தமிழர் மரபு முழுவதும் குறையற்றது எனக் கொள்ளுதல் உண்மைக்கு மாறாகும். கேள்வி கேட்கப்பட்டமையால் மட்டும் விடை செவிமடுக்கப்பட்டது என்று ஆகாது. தென்னார்க்காட்டுப் பகுதிப் பேயோட்டும் சடங்குகளை ஆராய்ந்து 2000இல் நூல் வெளியிட்ட இசபெல் நபோகோவ், பேய் பிடித்த இளம் மனைவியர் பலர் தம் சொந்தச் சொல்லைச் சொல்ல இடம் பெறவில்லை என்றும், கணவன் வீட்டுக்கு இணங்கி நடக்கவே அச்சடங்கு அவர்களை வற்புறுத்துகின்றது என்றும் எடுத்துக்காட்டினார். நம்பிக்கை மருத்துவத்தைத் தடுத்தபோது நேர்ந்த கேடு அதனினும் கொடிது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள், இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியிற் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர், கொட்டகை தீப்பற்றியபோது தப்ப இயலாது மடிந்தனர். அவர்களுட் பலர் பேய் பிடித்தவராகக் கருதப்பட்டே அவ்விடம் கொண்டுவரப்பட்டவர். நோய் இன்னதென வினவாது ‘பேய்’ என்னும் ஒரு சொல்லாற் கதையை முடித்துவிடும் மனப்பான்மையின் விளைவு அது.

இதனாலேயே தொலைக்காட்சி நாடகத்தின் பொறுப்பும் பெரிதாகின்றது. கருவிகளின் துணையால் அச்சத்தை விளைப்பது இன்று எளிது. உருண்டு விழிக்கும் கண்ணும், மாறும் குரலும், விரித்த கூந்தலும் பார்ப்போரைத் திடுக்கிடச் செய்யும், மறுநாள் மறக்கப்படும். அவ்வாறு ஆடும் உடல் பெரும்பாலும் பெண்ணுடலாக இருக்க, அவள் ஏன் ஆடுகின்றாள் என்னும் வினா எழுப்பப்படாது போயின், அந்நாடகம் அவள் வாயை அடைப்பதாகவே முடியும். வேலனின் ஆட்டத்தை மட்டும் காட்டித் தோழியின் சொல்லை விடுத்த அகப்பாடலை ஒத்தது அது.

கிழக்குக் கரையின் மக்களுக்கு இவ்வேறுபாடு நூலறிவாலன்றி வாழ்வறிவாலேயே தெரியும். தெய்வமாடுவோரின் முன் அவர்கள் நின்றது வேடிக்கை பார்த்தற்கன்று. இழந்த பிள்ளையின் செய்தியைக் கேட்டற்கே. ஆவேசத்தைப் பொருளாகக் கொள்ளும் எந்நாடகத்தையும் எடையிடுதற்கு அவர்களின் அந்நிலையே தக்க அளவுகோல். திரையில் ஆடும் உருவத்தைக் கண்டு எத்துணைப் பேர் அஞ்சினர் என்பது சிறுகணக்கு. அவ்வுருவம் சொல்ல வந்த துயரை எத்துணைப் பேர் செவிகொடுத்துக் கேட்டனர் என்பதே நாடகத்தின் பயனை நிறுக்கும் பெருங்கணக்காம்.