ஆலெம்: ஹனோவரின் யூதத் தோட்டக்கலைப் பள்ளி

ஹனோவர் நகரின் மேற்கு எல்லையில் இருக்கும் ஆலெம், 1974இல்தான் நகரத்தோடு சேர்க்கப்பட்டது. அதற்கு முன் அது தனிக் கிராமம். அங்கே 1893இல், அலெக்சாண்டர் மோரிட்ஸ் சைமன் என்ற ஹனோவர் வங்கியாளர் ஒரு விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். ஏட்டுப் படிப்போடு தோட்ட வேலையையும் கைத்தொழிலையும் யூதப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது அதன் நோக்கம். முதலில் ‘இஸ்ரேலியக் கல்வி நிலையம்’ என்ற பெயரில் இயங்கிய அந்தப் பள்ளி, முதல் உலகப் போருக்குப் பிறகு ‘இஸ்ரேலியத் தோட்டக்கலைப் பள்ளி’ ஆனது.

ஜெர்மன் நாடுகளில் யூதர்களுக்குப் பல நூற்றாண்டுகளாக நிலம் வாங்கத் தடை இருந்தது. தச்சர், கொல்லர், தையற்காரர் போன்றோரின் கைவினைக் குழுமங்களிலும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எஞ்சியவை வட்டித் தொழிலும் தலைச்சுமை வியாபாரமும் கால்நடை வாணிபமும். சட்டப்படி சம உரிமை கிடைத்தது 1871 வாக்கில்தான். அதற்குள் “யூதன் என்றால் வியாபாரி, உழைக்காதவன்” என்ற பழி ஊறிப்போயிருந்தது. 1881க்குப் பின் ரஷ்யப் பேரரசில் நடந்த யூத எதிர்ப்புக் கலவரங்களிலிருந்து தப்பி, கையில் காசும் தொழிலும் இல்லாத குடும்பங்கள் ஜெர்மனி வழியாக மேற்கே வந்துகொண்டிருந்தன. வசதியுள்ள யூதர்கள் அவர்களுக்கு நன்கொடை திரட்டினார்கள். சைமனோ நன்கொடை கொடுத்துக்கொண்டே இருப்பதால் வறுமை தீராது, கைத்தொழில் ஒன்று கற்றால்தான் தீரும் என்று நம்பினார். அதையும் பிள்ளைப் பருவத்திலேயே தொடங்க வேண்டும் என்பது அவர் கருத்து. வளர்ந்த ஒருவனிடம் திடீரென்று மண்வெட்டியைக் கொடுத்தால் அது தண்டனையாகத் தெரியும். ஏழெட்டு வயதில் பாத்தி கட்டிப் பழகியவனுக்கு அது இயல்பாகிவிடும்.

அதனால் ஆலெமில் இரண்டு நிலைகள் இருந்தன. சிறுவர்கள் தொடக்கப் பள்ளிப் பாடங்களைப் படித்துக்கொண்டே தோட்டத்திலும் வேலை செய்தார்கள். பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் பயிற்சி பெறுவோராகச் சேர்ந்து காய்கறி, பழமரம், பூச்செடி, நாற்றங்கால் என்று முறையாகத் தொழில் கற்றார்கள். பின்னர் பெண் பிள்ளைகளுக்கும் தனி விடுதி வந்தது; அவர்களுக்கு வீட்டு நிர்வாகமும் தோட்டமும் பாடம்.

அந்தக் காலத்து ஜெர்மன் தோட்டக்காரருக்குக் குளிரை ஏமாற்றத் தெரிந்திருக்க வேண்டும். பனி விலகுமுன் குழி தோண்டி, புதுக் குதிரைச் சாணத்தை வைக்கோலோடு சேர்த்து மிதித்து நிரப்பி, மேலே நல்ல மண் பரப்பி, கண்ணாடிச் சட்டத்தால் மூடுவார்கள். சாணம் புளித்து எழுப்பும் சூட்டில், வெளியே பனி கிடக்கும்போதே உள்ளே விதை முளைக்கும். சூடு ஏறினால் சட்டத்தைச் சற்றே தூக்கிவைக்க வேண்டும், மாலையில் மூட வேண்டும். ஒரு நாள் மறந்தாலும் நாற்று கருகும் அல்லது உறையும். ஒட்டுக் கட்டுவதும் இப்படித்தான்: வேர்ச்செடியின் வெட்டிலும் ஒட்டுக்குச்சியின் வெட்டிலும் பட்டைக்கு அடியில் உள்ள பசும்படலங்கள் பொருந்தாவிட்டால் ஒட்டு பிடிக்காது. இவற்றைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளலாம். கைக்கு வர ஆண்டுகள் ஆகும்.

கல்வியில் ஏட்டுக்கு அப்பாற்பட்ட பயிற்சிக்கு இடம் தந்தது ஆலெம் மட்டுமல்ல. ஹெர்மான் லீட்ஸ் 1898இல் இல்சன்பர்கில் தொடங்கிய நாட்டுப்புற விடுதிப் பள்ளி, வசதியான வீட்டுப் பிள்ளைகளை வயலில் இறக்கியது. ஹனோவர் மாகாணத்துக்கு உட்பட்ட யூஸ்ட் தீவில் மார்ட்டின் லூசர்க்கே 1925இல் நிறுவிய ‘கடலோரப் பள்ளி’, மாணவர் நாடகத்தைக் கல்வியின் நடுவில் வைத்து, அதற்கென்று தனி அரங்கமே கட்டியது. அது 1934இல் நாஜி ஆட்சியின் கீழ் மூடப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் காந்தியும் ஜெர்மானிய யூதக் கட்டடக் கலைஞர் ஹெர்மான் காலன்பாக்கும் 1910இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில், தமிழ்ப் பிள்ளைகள் உட்படப் பலர் காலையில் தோட்ட வேலை செய்து, பிற்பகலில் பாடம் படித்தார்கள். இவற்றிலெல்லாம் உழைப்பும் மேடையும் குணத்தைப் பண்படுத்தும் வழிகள். ஆலெமில் படித்த ஏழைப் பிள்ளைக்கு உழைப்பே பிழைப்பு. அந்த வகையில் சைமனின் பள்ளி மற்றவற்றைவிடக் கண்டிப்பானது, நேர்மையானதும்கூட.

பள்ளி வாழ்க்கை யூத நாட்காட்டியைப் பின்பற்றியது. இலையுதிர் காலத்து அறுவடைத் திருநாளான சுக்கோத்துக்கென்று வளாகத்திலேயே ஒரு பந்தல் வீடு இருந்தது.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பள்ளியின் பொருளே மாறியது. ஜெர்மனியில் பிழைக்கக் கற்றுக்கொடுத்த இடம், ஜெர்மனியை விட்டுப் போகக் கற்றுக்கொடுக்கும் இடமாயிற்று. பாலஸ்தீனத்துக்குப் போக விரும்பிய இளைஞர்களுக்கு விவசாயப் பயிற்சி நுழைவுச் சான்றிதழைப் பெற உதவியது. வேறு நாடுகளும் வக்கீலையும் கடைக்காரரையும்விடத் தோட்டக்காரரை எளிதாக ஏற்றன. 1938 நவம்பரில் நாடெங்கும் யூதர்கள் மீது நடந்த வன்முறைக்குப் பின் ஆசிரியர்களும் மூத்த மாணவர்களும் கைதாகி, புக்கன்வால்ட் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பி வந்தவர்களுக்கு வெளியேறும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன.

1941 இறுதியில் நாஜி ரகசியப் போலீசான கெஸ்டாப்போ அந்தப் பள்ளி வளாகத்தை நாடுகடத்தலுக்கான கூடுமிடமாக்கியது. 1941 டிசம்பர் 15 அன்று 1,001 யூதர்கள் ஹனோவரிலிருந்து ரீகாவுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். அதற்குப் பின் வார்சாவுக்கும் தெரேசியன்ஸ்டாட்டுக்கும் ரயில்கள் போயின. மொத்தம் 2,000க்கும் மேற்பட்டோர் ஆலெம் வழியாக அனுப்பப்பட்டார்கள். உயிரோடு திரும்பியவர்கள் மிகச் சிலர். 1942 கோடையில், நாடு முழுவதும் யூதப் பள்ளிகளை மூடும் ஆணையோடு வகுப்புகள் நின்றன. பிறகு அங்கே கெஸ்டாப்போ அலுவலகமும் சிறையும் வந்தன. போரின் கடைசி மாதங்களில், கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்ட அயல்நாட்டவர் பலர் அந்தச் சுக்கோத் பந்தல் வீட்டில் தூக்கிலிடப்பட்டார்கள். ஆலெமின் நிலக்கீல் சுரங்கத்தில் இருந்த வதைமுகாம் இதிலிருந்து வேறானது. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

1945 ஏப்ரல் 10 அன்று அமெரிக்கப் படை ஹனோவரைப் பிடித்தது. முகாம்களிலிருந்து பிழைத்த இளம் யூதர்கள் அதே வளாகத்தில் ஒரு கிப்புட்ஸ் (கூட்டுப் பண்ணை) அமைத்து, 1948 வரை பாலஸ்தீனத்துக்குச் செல்ல விவசாயப் பயிற்சி பெற்றார்கள். பின்னர் அந்த இடம் வேளாண் சபையின் கைக்கு மாறியது. அங்கே 1987இல் திறந்த நினைவிடம், 2014இல் விரிவான கண்காட்சியோடு புதுப்பிக்கப்பட்டது. அதன் அருகில் இயங்கும் யூஸ்டுஸ் ஃபான் லீபிக் தொழிற்பள்ளியில் விவசாயமும் தோட்டக்கலையும் இன்றும் கற்பிக்கப்படுகின்றன.