படப்பெட்டியைக் காத்த கைகள்

விலையுயர்ந்த காமிராவோடு பிறநாடு செல்வோர் இன்று நம்மிடையே பலர் உளர். திருடனுக்கும், மழைக்கும், சுங்கச் சாவடிக்கும் அஞ்சி அவர்கள் படும் கவலையை நாம் அறிவோம். அக்கவலை இன்று பிறந்ததன்று. படக்கலையின் தொடக்க நாட்களிலேயே, நம் மலாயாக் கரையிலிருந்து புறப்பட்ட ஒருவர், நாம் கனவிலும் கருதாத சுமையோடு காடும் மலையும் கடந்தார். அவர் வரலாற்றில் நம்மவர்க்கும் ஒரு பங்குண்டு. ஆகையால் அதனை ஈண்டு ஆராய்வோம்.

ஜான் தாம்சன் என்பார் 1837-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரிற் பிறந்தவர். கண்ணாடிக் கருவிகள் செய்யும் தொழிலைப் பழகி, 1862-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். ஆங்கே கருவி வாணிபத்தோடு படத்தொழிலையும் நடத்தினார். பினாங்கிலும் அதன் எதிர்க்கரையாகிய வெல்லெஸ்லி மாகாணத்திலும் சில மாதங்கள் தங்கிப் படமெடுத்தார். 1865-இல் சயாம் சென்று மோங்குத் அரசரைப் படம் பிடித்தார். 1866-இல் அங்கோர்வாட் கோயிலைக் கண்டார். 1868 முதல் 1872 வரை ஹாங்காங்கை இருப்பிடமாகக் கொண்டு சீன நாட்டின் பல பகுதிகளைச் சுற்றினார்.

அவர் சுமந்து சென்றவை யாவை? இன்றைய காமிரா ஒரு பைக்குள் அடங்கும். அன்றையதற்கோ ஒரு வண்டி வேண்டும். 1851-இல் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்ட ஈரத்தகடு முறையே அக்காலத்து வழக்கம். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி உப்பு நீரில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, உடனே மருந்திட்டுக் கழுவுதல் வேண்டும். எனவே படம் பிடிக்கும் இடத்திலேயே இருட்டுக் கூடாரம் அடிக்க வேண்டும். வெப்ப நாட்டில் தகடு விரைந்து உலரும்; கணப்பொழுது தாமதித்தாலும் உழைப்பு வீண். படம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய கண்ணாடி வேண்டும். அதற்கேற்ற பெரிய பெட்டியும் வேண்டும்.

ஆபத்தும் சிறிதன்று. பசையிற் கலந்த ஈதர் எளிதில் தீப்பற்றுவது. படத்தை நிலைநிறுத்தப் பயன்பட்ட பொட்டாசியம் சயனைடோ கொடிய நஞ்சு. இவற்றையெல்லாம் கடந்து எடுத்த தகடு வழியில் உடைந்தால், அப்படம் என்றென்றைக்கும் ஒழிந்தது.

இத்தகைய சுமை அங்கோர் வரை சென்றது படகிலும், மாட்டு வண்டியிலும், யானை மீதுமாகும். வழியில் தாம்சனைக் காட்டுக் காய்ச்சல் வருத்தியது. உடன் சென்ற கென்னடி என்னும் அதிகாரி கொயினா மருந்து கொடுத்து அவரைத் தேற்றினார். பெட்டியைக் காக்குமுன் பெட்டிக்கு உடையவரைக் காக்க வேண்டியிருந்தது!

மழைக்கும் வெயிலுக்கும் பெட்டி போதும். மனிதர்க்கு அது போதுமோ? சீன நாட்டில் படப்பெட்டி உயிரைக் கவரும் மாயக் கருவி என்னும் அச்சம் பரவியிருந்தது. சாவ்சோ நகரத்துப் பழம்பாலத்தைப் படமெடுக்கச் சென்ற தாம்சன் மீது கூட்டம் சேற்றை வாரி வீசியது. அவர் கருவியோடு படகிற்குத் தப்பியோடினார். ஆனால் 1871-இல் பார்மோசாத் தீவின் மலைநாட்டில் நிகழ்ந்தது வேறு. அங்கே மாக்ஸ்வெல் என்னும் மருத்துவர் அவரோடு சென்றார். அவருடைய மருத்துவத் தொண்டினால் மக்கள் இருவரையும் அன்போடு வரவேற்றனர். ஓரிடத்தில் கருவியைப் பகையாக்கியது அறியாமை. மற்றோரிடத்தில் அதனைக் காத்தது நல்லெண்ணம். இதனினும் உறுதியான பூட்டு எதுவென்று நாம் கேட்கிறோம்.

இனி நம்மவர் பங்கினைக் கூறுவோம். பினாங்கில் தாம்சன் தமக்கு உதவியாளராகப் பழக்கியது சென்னை நாட்டார் இருவரை. மனிதர் கை படாமல் உருவத்தை எடுக்கும் இவ்வேலையைப் பேய்த்தொழிலென்று எண்ணிச் சீனர் சேர மறுத்தனரென அவர் தம் நூலிற் குறித்துள்ளார். அச்சீனரின் வழிவந்தோரே பின்னாளில் இந்நாட்டிற் படக்கடைகளைச் சிறப்புற நடத்தினர். ஆகவே அச்சம் எந்த இனத்திற்கும் பிறவிக் குணமன்று. நம்மவர் இருவரோ முதலிலேயே அஞ்சவில்லை. தகட்டைத் தாளின்மேல் வைத்து வெயிலிற் படம் பதிக்கும் நுட்பத்தைக் கற்றனர். ஆயினும் அந்நூல் அவர்களை அக்காலத்து வழக்கப்படி "கிளிங்" என்று சுட்டிச் செல்கிறதேயன்றிப் பெயர் சொல்லவில்லை. அரசர் பெயர் உண்டு, அதிகாரி பெயர் உண்டு. தொழில் கற்றுத் துணைநின்ற தமிழன் பெயர் இல்லை!

தாம்சன் 1921-இல் இறந்தார். அவருடைய அறுநூற்றுக்கும் மேற்பட்ட கண்ணாடித் தகடுகளை வெல்கம் என்னும் செல்வர் வாங்கினார்; அவை இன்றும் லண்டனில் உள்ளன. ஆறும் காடும் கடலும் கடந்த கண்ணாடி உடையாது நிற்கிறதென்றால், அதனைப் பொதிந்து, தூக்கி, மெல்ல இறக்கிய எத்தனையோ கைகளின் கவனமே காரணம்.

இன்றைய பிரயாணிக்கு நாம் கூறுவது இது. கருவியின் எண்ணைக் குறித்து வையுங்கள். உபரி லிதியம் பேட்டரிகளை விமானத்தில் கைப்பையிலேயே கொண்டு செல்லுங்கள். தொழிலுக்காகச் செல்வோர், 1961-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி வழங்கும் ஏ.டி.ஏ. கார்னே என்னும் பத்திரத்தைப் பெற்றால், அதனை ஏற்கும் நாடுகளில் சுங்கத் தொல்லை குறையும். மலேசியாவும் சிங்கப்பூரும் அதனை ஏற்பவையே. இவ்வளவும் பெட்டிக்குரிய காவல். எவரைப் படமெடுக்கிறோமோ அவரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். வழிகாட்டினவர், வண்டியோட்டினவர், சுமை தூக்கினவர் ஆகியோரின் பெயரைக் கேட்டுப் படத்தின் கீழ் எழுதுங்கள். பினாங்கில் அவ்விருவர்க்கும் மறுக்கப்பட்ட மரியாதை, இனி நம் கையால் எவருக்கும் மறுக்கப்படலாகாது.