தைராய்டு நோயும் சத்து மாத்திரைகளும் (கெடா, மலேசியா)

தைராய்டு, முன்கழுத்தில் மூச்சுக்குழாயை ஒட்டி அமைந்த நாளமில்லாச் சுரப்பி. அதன் ஹார்மோனுக்கு மூலப்பொருள் அயோடின். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராமும், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் 250 மைக்ரோகிராமும் தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அயோடின் குறைந்தால் கழுத்தில் கழலை தோன்றும். கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியும் குன்றும்.

கெடாவின் கோலமூடா மாவட்டத்துச் சிடாம் கிரி போன்ற தோட்டப்புறங்களில் அயோடின் இன்று உப்பு வழியாக வீடு சேர்கிறது. சரவாக்கிலும் சபாவிலும் முன்பே நடைமுறைக்கு வந்த அயோடின் உப்புச் சட்டம், தீபகற்ப மலேசியாவுக்கு 2020இல்தான் வந்தது. இது மிகவும் பிந்திய நடவடிக்கை. உப்பைத் திறந்த பாத்திரத்தில் அடுப்போரம் வைத்தால் ஈரத்திலும் சூட்டிலும் அயோடின் குறைந்துபோகும். அயோடின் கிடைத்தாலும், மரவள்ளிக்கிழங்கிலுள்ள நச்சு, உடலில் தயோசயனேட்டாக மாறி, அயோடினைச் சுரப்பிக்குள் புகவிடாமல் தடுக்கும். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் கிழங்கே சோறாக இருந்த தோட்டங்களில் இது பொருட்படுத்த வேண்டிய செய்தி. இன்று நன்றாக வேகவைத்து எப்போதாவது உண்பவர்கள் அஞ்ச வேண்டியதில்லை.

அயோடின் போதிய அளவு கிடைக்கும் இடங்களில் தைராய்டு குறைவுக்குப் பெரும்பாலும் காரணம் ஹாஷிமோட்டோ நோய். உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே சுரப்பியைத் தாக்கும் நிலை இது. இதற்கு மருந்து லெவோதைராக்சின். எந்தச் சத்து மாத்திரையும் அதற்கு ஈடாகாது. கடற்பாசி மாத்திரைகளில் அளவுக்கு மிஞ்சிய அயோடின் இருக்கக்கூடும். அது நோயை மோசமாக்கக்கூடும்.

தோட்டத்துப் பெண்களுக்கு அதிகம் பயன்படக்கூடிய செய்தி வேறொன்று. இரத்தச்சோகைக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் லெவோதைராக்சினைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். கிளினிக்கில் ஒரே பையில் வாங்கிவந்த மாத்திரைகளை ஒரே மிடறு தேநீரோடு விழுங்கினால், தைராய்டு மருந்தின் ஒரு பகுதி வீணாகிறது. அவற்றுக்கும் லெவோதைராக்சினுக்கும் இடையே நான்கு மணி நேரம் வேண்டும். லெவோதைராக்சினை வெறும் வயிற்றில், தண்ணீரோடு, பசியாறுவதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக உட்கொள்ள வேண்டும். இருட்டோடு பால்மரம் சீவப் புறப்படுபவர்களுக்கும் சுங்கைப்பட்டாணி தொழிற்சாலைகளில் முறைவேலை பார்ப்பவர்களுக்கும் இது எளிதன்று. அவர்கள் மருத்துவரைக் கேட்டு, இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது உட்கொள்ளலாம். அதுவும் ஏற்கப்பட்ட முறையே.

செலீனியம் என்னும் சத்து, தைராய்டு மிகைப்பை உண்டாக்கும் கிரேவ்ஸ் நோயால் கண்ணில் ஏற்படும் லேசான பாதிப்பைத் தணிப்பதாக 2011இல் ஐரோப்பிய ஆய்வொன்று காட்டியது. ஹாஷிமோட்டோவுக்கு அத்தகைய உறுதியான பலன் இல்லை. முடி உதிர்வுக்காக விற்கப்படும் பயோட்டின் சுரப்பிக்குத் தீங்கு செய்வதில்லை. ஆனால் இரத்தப் பரிசோதனை முடிவைத் திரித்துவிடும். ஆகவே பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்துவது வழக்கம். அமுக்கரா என்னும் மூலிகை தைராய்டு ஹார்மோன் அளவை உயர்த்தக்கூடும் என்பதால், தைராய்டு மிகைப்பு உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.

மலேசியாவில் சத்து மாத்திரைகளைச் சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவு செய்தாக வேண்டும். பதிவு பெற்றவற்றின் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கும். இரவுச் சந்தையிலோ இணையத்திலோ இவை இல்லாமல் விற்கப்படும் தைராய்டு மருந்துகளை வாங்கக் கூடாது.