மினிபஸ் பாட்டு

2008. கல்லூரி விடுதியில் முதலாமாண்டு. என் எம்பி3 பிளேயரை வாங்கிக் காதில் மாட்டிய அறைத்தோழன் பத்து விநாடியில் கழற்றிவிட்டுச் சிரித்தான். "மச்சான், இது மினிபஸ் பாட்டுடா!" அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஓடிக்கொண்டிருந்தது தேவா இசையமைத்த ஒரு பாட்டு. குன்னத்திலிருந்து பெரம்பலூர் போகிற பஸ்ஸில் அதை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். அன்று ராத்திரியே எல்லாவற்றையும் அழித்துவிட்டு லிங்கின் பார்க் பாடல்களை ஏற்றினேன். ஒரு வரிகூடப் புரியவில்லை. ஆனால் அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மத்திய மந்திரி ஞாபகத்துக்கு வருவார்.

பி.வி. கேஸ்கர். மராட்டியர், பாரிஸில் படித்தவர், இந்துஸ்தானி சங்கீதத்தில் பயிற்சி உள்ளவர். 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறைக்கு வந்து பத்து வருடம் இருந்தார். சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவருடைய திடமான எண்ணம். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு நேரத்தை வெட்டினார்கள். படத்தின் பெயரைச் சொன்னால் அது விளம்பரமாகிவிடும் என்று பெயரையும் நிறுத்தினார்கள். கோபம்கொண்ட தயாரிப்பாளர்கள் பாட்டுகளின் ஒலிபரப்பு உரிமையையே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் அரசு ரேடியோவில் சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட இல்லாமல் போனது. அந்த இடத்தை நிரப்ப வானொலி தானே மெல்லிசைப் பாடல்களைத் தயாரித்தது.

கேஸ்கரை வில்லனாக்கிவிட்டு நகர்வது சுலபம். ஆனால் ராஜாக்களும் ஜமீன்களும் போன பிறகு, சாஸ்திரிய இசைக்கலைஞர்கள் பலருக்குச் சம்பளமும் நாடு முழுக்கக் கேட்பவர்களும் கிடைத்தது அந்த வானொலியால்தான். அவருக்கு சங்கீதத்தின்மேல் இருந்த பிரியம் நிஜம். தன் பிரியத்தை மற்றவர்களுக்கும் சட்டமாக்கப் பார்த்ததுதான் பிரச்சினை.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? போராட்டமெல்லாம் இல்லை. ரேடியோவின் குமிழைத் திருப்பினார்கள். அதே சமயத்தில் கொழும்பில் ரேடியோ சிலோனின் வர்த்தக சேவை நடந்துகொண்டிருந்தது. ஹிந்திக்காரர்களுக்கு அமீன் சயானியின் பினாகா கீத்மாலா கிடைத்தது. நமக்கு மயில்வாகனம், பிறகு கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது. 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கியபோது அரசாங்கம் தோல்வியை ஒப்புக்கொண்டது என்றே சொல்லலாம். ஆனால் அதற்குப் பிறகும் நம் ஊர்களில் பலருக்குப் பழகிய குரல் இலங்கை வானொலிதான்.

குன்னத்தில் என் பெரியப்பா அப்படி ஒரு ஆள். எழுபதுகளில் பருத்திக் கொல்லைக்குப் போனால் டிரான்சிஸ்டரும் கூடப் போகும். பொங்கும் பூம்புனலில் ஆரம்பித்து இரவின் மடியில் வரைக்கும் கேட்பாராம். எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டு, ஒரு பாட்டுக்கு அப்புறம் எதைப் போட்டால் ஒட்டும் என்பதெல்லாம் அங்கே கற்றுக்கொண்டது என்று அவரே சொல்வார். பிறகு மைக் செட் வைத்தார். காலையில் முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. காதுகுத்து என்றால் தாய்மாமன் வரும் நேரத்துக்குத் தாய்மாமன் பாட்டு. பந்தி நடக்கும்போது சத்தம் குறைந்துவிடும். இன்றைக்கு பிளேலிஸ்ட் போடுகிறவர்களை 'கியூரேட்டர்' என்கிறோம். பெரியப்பாவுக்கு ஊரில் 'செட்டுக்காரர்' என்று பேர், அவ்வளவுதான்.

ரசனையில் நீதிபதியாக இருந்தது கேஸ்கர் மட்டுமில்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்திருந்தது. அதன் கட்டைகளில் சுரங்கள் தனித்தனியாக நிற்கும், கமகம் வராது என்பது காரணம். தாகூருக்கும் ஆர்மோனியம் பிடிக்காது. நம் பாரதியும் அதைக் கடுமையாகத் திட்டி எழுதியிருக்கிறார். வித்வான்கள் ஜனங்களுக்குப் புரியாத பாஷையில் பழைய கீர்த்தனைகளையே திரும்பத் திரும்பப் பாடுகிறார்களே என்று ஆதங்கப்பட்ட அதே பாரதிதான். ஜனங்கள் பக்கம் நிற்கிறவருக்கும் ஜனங்களின் வாத்தியம் நாராசமாகக் கேட்கலாம். அதில் முரண் ஒன்றுமில்லை, காது அப்படித்தான்.

ஆனால் அந்தத் தடை முப்பது வருடம் நீடித்தது. எழுபதுகளின் தொடக்கத்தில்தான் தளர்ந்தது. அந்த முப்பது வருடமும் நாடக மேடையிலும் கூத்திலும் கட்சிக் கூட்டத்திலும் ஆர்மோனியம் ஒலித்துக்கொண்டேதான் இருந்தது. அண்ணன் பாவலர் வரதராஜன் குழுவில் ஊர் ஊராக அதை வாசித்த ஒரு பையன், 1976இல் 'அன்னக்கிளி'க்கு இசையமைத்தார்.

பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு 1979இல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு கணக்கெடுப்பு வருகிறது. ஆயிரத்துச் சொச்சம் பேரிடம் அவர்களுக்குப் பிடித்த இசையைக் கேட்டிருக்கிறார்கள். தொழிலாளர்கள் பலர் ஸ்ட்ராஸின் 'புளூ டான்யூப்' என்றார்கள், ஆசிரியர்களும் கலைஞர்களும் பாஹ் பக்கம் சாய்ந்தார்கள். பிடித்த பாட்டைச் சொல்லும்போதே நாம் எங்கிருந்து வருகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். 'மினிபஸ் பாட்டு' என்றபோது விடுதியில் பேசப்பட்டது பாட்டைப் பற்றி இல்லை. மினிபஸ் ஓடுகிற ஊரைப் பற்றி.

இதில் என்னைக் குடைவது ஒன்றுதான். ஒரு மந்திரியால், ஒரு துறையால், அத்தனை டிரான்ஸ்மிட்டர்களால் என் பெரியப்பாவின் குமிழைத் தொட முடியவில்லை. ஒரு பத்து விநாடிச் சிரிப்பு என்னை அழிக்க வைத்துவிட்டது. தடை போட்டால் மனுஷன் வேறு வழி தேடுவான். கூச்சம் வந்துவிட்டால் தானே தடை போட்டுக்கொள்வான். அடுத்தவனுக்கும் போடுவான்.

நான் போட்டேன். 2014இல் தங்கச்சி கல்யாணம். அலுவலக நண்பர்கள் பெங்களூரிலிருந்து வருகிறார்கள். முந்தின நாள் பெரியப்பாவிடம் ஒரு பென்டிரைவைக் கொடுத்து, "பெரியப்பா, குழாய் ஸ்பீக்கர் வேணாம். சினிமாப் பாட்டும் வேணாம். இதுல வீணை மட்டும் இருக்கு, அதையே ஓட விடுங்க" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "சரி தம்பி" என்று வாங்கிக்கொண்டார். கல்யாணம் முழுக்க வீணை ஓடியது. வீணையும் அழகுதான். ஆனால் மாப்பிள்ளை அழைப்புக்கு அவர் எடுத்து வைத்திருந்த பாட்டுகளை யாரும் கேட்கவில்லை. நண்பர்கள் யாருக்கும் என்ன பாட்டு ஓடியது என்று ஞாபகம்கூட இல்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். தெருவில் செட் கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் பெரியப்பா சத்தத்தைக் குறைத்தார். "என்ன பாட்டு தம்பி போடணும்? நீ சொல்றதையே போடுறேன்."

அதில் கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார். ஆயிரம் விசேஷத்துக்குப் பாட்டுப் போட்டவர், நான் முகம் சுளிப்பேனோ என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களே போடுங்க பெரியப்பா. ஒங்களுக்குத் தெரியாததா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பிள்ளையார் பாட்டிலிருந்து ஆரம்பித்தார்.